கோபிக்கு ஒரு கைப்பிடி மிளகாய்

‘பாக்கியலட்சுமி’ சீரியல் முடிந்த 2025 ஆகஸ்ட் மாதத்து ராத்திரி. பொள்ளாச்சி சூளேஸ்வரன்பட்டியில் ஒரு வீட்டில் டி.வி.யை அணைத்த பிறகும் பஞ்சாயத்து ஓயவில்லை.

“அஞ்சு வருசம் பார்த்ததுக்கு இது பத்தாது கண்ணு. அவன் இன்னும் நல்லா பட்டிருக்கோணும்” என்றார் அம்மா.

அவன் என்றால் கோபி. வெளியே சொல்லும்போது கோபி.

மகள் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. 44 வயது. கொப்பரைக் களம் ஒன்றில் கணக்கு எழுதுகிறாள். “பட்டாச்சும்மா. ரெண்டாவது பொண்டாட்டியும் வேண்டாம்னு போயிட்டா. நெஞ்சு வலியும் வந்துருச்சு. இன்னும் என்ன வேணும்?”

“என்னத்த பட்டான்? அப்புறமும் அவ வூட்டுக்கே வந்து சோபாவுல உக்காந்து காபி குடிச்சானே!”

2020 ஜூலையில், கொரோனாவில் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரத்தில் விஜய் டி.வி.யில் தொடங்கிய கதை இது. வங்காளத்தில் ‘ஸ்ரீமோயி’, இந்தியில் ‘அனுபமா’, தமிழில் ‘பாக்கியலட்சுமி’. மாமியார் வீட்டு அடுப்படி எல்லா மொழியிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. கல்லூரிக் காலத்துக் காதலி ராதிகாவுக்காக, மூன்று பிள்ளை பெற்றுக் கொடுத்த மனைவியை விட்டுப் போகிறார் கோபி. அந்த மனைவி அழுது முடித்து எழுந்து, ஈஸ்வரி மசாலா என்று தொழில் தொடங்கி, இங்கிலீஷ் படித்து, ஓட்டல் வைத்து, அவர் கண் முன்னாலேயே வளர்ந்து காட்டுகிறார். கோபியும் சும்மா இருக்கவில்லை. போட்டிக்கு ஓட்டல் திறந்தார். அவள் ஓட்டல் பெயரைக் கெடுக்க ஆள் வைத்தார். விட்டுப் போனவருக்கே ஆத்திரம் அதிகமாக இருப்பது கதைக்காகச் செய்தது என்று நினைப்பவர்கள், விவாகரத்தான ஒரு வீட்டுக்குள் ஒரு வாரம் தங்கிப் பார்க்கலாம்.

இத்தனைக்கும் இது காமெடி சீரியல் கிடையாது. ஆனால் சதீஷ்குமார் நடித்த கோபி முழித்த முழியும் குடித்துவிட்டுச் செய்த அலம்பலும் மீம்ஸ் ஆகி ஊரெல்லாம் சுற்றின. ஜனங்கள் அதைக் காமெடியாகத்தான் பார்த்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு, “கட்டைல போறவன்” என்று ஆரம்பித்து, விளம்பரம் வரும் வரை திட்டுவார். அதற்கு முன்பு 2003 முதல் 2009 வரை ‘கோலங்கள்’ ஓடியபோது அதே திட்டு தேவயானியின் புருஷனாக வந்த பாஸ்கருக்குப் போனது. 1,533 எபிசோட். அப்போது அது வெறும் டி.வி. திட்டு. மகள் உடுமலையில் புருஷனோடு நன்றாகத்தான் இருந்தாள்.

மகளுக்கு விவாகரத்து ஆனது 2017-ல். பரஸ்பர சம்மதம், இந்து திருமணச் சட்டத்தில் 13-பி என்ற பிரிவு. மனு போட்டு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தேவைப்பட்டால் அந்த ஆறு மாதத்தைக் கோர்ட்டே தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அதே வருடம் செப்டம்பரில். அதற்குள் இவள் ஆறு மாதத்தையும் காத்து முடித்திருந்தாள். நகை திரும்பி வந்தது. பெண்ணின் படிப்புச் செலவில் பாதி அவர் தர வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள். பாத்திரங்கள் வரவில்லை. பிறந்த வீட்டில் போட்ட நகை, பாத்திரம் எல்லாம் பெண்ணுக்கே சொந்தம், புருஷன் வீடு வெறும் பொறுப்பாளிதான் என்று 1985-லேயே பிரதிபா ராணி வழக்கில் தீர்ப்பு இருக்கிறது என்று வக்கீல் அம்மா எடுத்துச் சொன்னார். இவள்தான் “விடுங்க மேடம், பாத்திரத்துக்கு வேற ஒரு வாய்தாவா?” என்றாள். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து காற்று வாங்கினால் போதும் என்றிருந்தது.

அம்மாவுக்கு அது போதவில்லை. பாத்திரங்களில் ஒரு பித்தளை அண்டா இருந்தது. 2003-ல் கல்யாணத்துக்கு அப்பா வாங்கியது. விளிம்பில் இனிஷியலோடு அவர் பெயரை வெட்டி, கீழே வருடத்தையும் வெட்டியிருந்தார்கள். அப்பா 2011-ல் போய்விட்டார். அண்டா உடுமலையில் இருந்தது. அந்த மனிதர் ரெண்டாங் கல்யாணம் செய்தபோது அங்கே போய் வந்த ஒறம்பரைக்காரம்மா ஒருத்தர், நல்லெண்ணத்தோடுதான் போன் போட்டுச் சொன்னார். “வாசல்ல கை கழுவறதுக்கு ஒரு அண்டாவுல தண்ணி ரொப்பி வெச்சிருந்தாங்க. பேரைப் படிச்சேன். உங்க வூட்டுக்காரரு பேருங்க!”

அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை.

இந்த வீட்டில் வேறு மாதிரி சீரியலும் ஓடும். கோயம்புத்தூரில் என்ஜினீயரிங் படிக்கிற பேத்தி லீவுக்கு வந்தால் லேப்டாப்பில் அமெரிக்கக் காமெடித் தொடர்களைப் போட்டுக்கொண்டு சிரிப்பாள். ஒருநாள் ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரில் ஜூலியா ராபர்ட்ஸ் வரும் 1996-ஆம் வருடத்து எபிசோட். சாண்ட்லர் என்பவன் நாலாங்கிளாஸ் படிக்கும்போது, பள்ளி நாடகத்தில் மேடையில் நின்ற ஒரு பெண்ணின் பாவாடையைத் தூக்கிவிட்டு மானத்தை வாங்கியிருக்கிறான். அவள் வளர்ந்து சினிமாவில் மேக்கப் போடுபவளாக வருகிறாள். பல்லிளித்துக்கொண்டு பின்னால் வருகிறவனை ஓட்டலுக்குக் கூட்டிப் போய், பாத்ரூமில் அவன் சட்டை பேன்ட்டை எல்லாம் வாங்கிக்கொண்டு நடந்துவிடுகிறாள். அவ்வளவுதான். கணக்கு நேர்.

“நல்ல புள்ள” என்றார் அம்முச்சி, பேத்தி மொழிபெயர்த்துச் சொன்னதும்.

அடுத்து ‘சைன்ஃபெல்ட்’. அதில் ஜெர்ரி என்பவன் அற்பக் காரணம் சொல்லி வாரத்துக்கு ஒரு காதலியை விலக்குகிறவன். 1998 மே மாதம் வந்த கடைசி எபிசோடில் அவனும் அவன் கூட்டாளிகளும் கோர்ட்டில் நிற்கிறார்கள். பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சாட்சிக் கூண்டில் ஏறி, இவர்கள் லட்சணத்தைப் பிட்டுப் பிட்டு வைக்கிறார்கள். பழைய காதலியும் அந்த வரிசையில் வருகிறாள். நாலு பேருக்கும் ஒரு வருட ஜெயில்.

“எத்தனை வாய்தா?” என்று கேட்டார் அம்முச்சி.

“ஒரே எபிசோட் அம்முச்சி.”

“பரவால்லையே. அந்த ஊரு கோர்ட்டு சீக்கிரம் சொல்லிருச்சு.”

காமெடித் தொடரில் பழைய காதலி பழிவாங்குவது பார்க்க இனிப்பாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அவள் ஒரு எபிசோடுக்கு வருகிறாள், அடிக்கிறாள், போகிறாள். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் பிள்ளை கிடையாது. ரெண்டு பேருக்கும் பொதுவான பெரியப்பா வீட்டுக் காதுகுத்து கிடையாது. பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவில் அதெல்லாம் இருக்கிறது. இவளுடைய போனில் அந்த மனிதரின் நம்பர் இன்னமும் ‘பாப்பா அப்பா’ என்றுதான் பதிந்திருக்கிறது. கோபப்பட்டு ஒருமுறை மாற்றினாள். வேறு என்ன பெயர் போடுவது என்று தெரியாமல் பழையபடியே போட்டுவிட்டாள்.

சீரியல் முடிந்ததில் வேறு ஒரு சிக்கல் வந்தது. அஞ்சு வருடமாகக் கோபி வாங்கிக்கொண்டிருந்த திட்டு இனி யாருக்குப் போகும்? மூன்றாவது நாளே அம்மா சொன்னார், “ஞாயித்துக்கெழமை ஆனமலை போயி மொளகா அரைச்சுப் போட்டு வந்துர்லாம்.”

ஆனைமலை மாசாணியம்மனைப் பற்றி இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அம்மன் வானத்தைப் பார்த்துப் படுத்திருப்பாள். கோயிலில் நீதிக்கல் ஒன்று உண்டு. பொருள் களவு போனவர்கள், கடன் வாங்கியவன் ஏமாற்றியதால் நொந்தவர்கள், கட்டியவன் கைவிட்டவர்கள் என்று எல்லோரும் காய்ந்த மிளகாயை அரைத்து அந்தக் கல்லில் பூசிவிட்டுப் போவார்கள். 90 நாளில் நியாயம் கிடைக்கும் என்பது நம்பிக்கை. கிடைத்தால் திரும்பி வந்து எண்ணெய்க் காப்பு செய்து அம்மனைக் குளிர்விக்க வேண்டும். கோயில் கதையே ஒரு பெண்ணுக்கு நடந்த அநியாயம்தான். ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்றாள் என்று நன்னன் என்ற அரசன் ஒரு பெண்ணைக் கொன்ற கதை குறுந்தொகையில் பரணர் பாட்டிலேயே இருக்கிறது. 81 யானையும் அவள் எடைக்குத் தங்கப் பாவையும் தருகிறோம் என்று சொல்லியும் அவன் இறங்கி வரவில்லை. கோசர்கள் பிறகு அந்த மாமரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். ஒரு பெண்ணுக்காகக் கொடுக்கத் துணிந்த யானைகளின் எண்ணிக்கை ரெண்டாயிரம் வருடம் தாண்டியும் மறக்காமல் இருக்கிறது. ஒரு அண்டாவை அம்மா மறக்கவில்லை என்று குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போனார்கள். மிளகாய் நெடி தூரத்திலேயே மூக்கில் ஏறியது. அரைக்கிற இடத்தில் முன்னால் நின்ற பெண் வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தபடி, கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, குழவியை இழுத்துக்கொண்டிருந்தார். யாரும் யாரிடமும் என்ன குறை என்று கேட்கவில்லை.

“பேரைச் சொல்லிக்கோ. நல்லா நெனைச்சுக்கோ” என்று அம்மா ஒரு கைப்பிடி மிளகாயை நீட்டினார்.

அவள் குழவியைப் பிடித்தாள். நினைத்தாள். அவர் தொழில் படுத்துவிட வேண்டும். சரி, படுத்துவிட்டால் டிசம்பரில் செமஸ்டர் ஃபீஸில் பாதி யார் தருவது? உடம்புக்கு ஏதாவது வரட்டும். வந்தால் பாப்பா காலேஜை விட்டுவிட்டு ஓடுவாள், பரீட்சை போய்விடும். அந்த ரெண்டாவது பெண் விட்டுப் போகட்டும். போனால் அந்த வீட்டில் அத்தைக்கு வேளைக்கு மாத்திரை யார் எடுத்துக் கொடுப்பார்கள்? ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். கணக்கு எழுதுகிறவள் அல்லவா? எந்தப் பக்கம் கழித்தாலும் அது தன் பக்கத்திலேயே வந்து கழிந்தது.

கடைசியில், “அண்டா வந்தா போதும் தாயி” என்று வேண்டிக்கொண்டு பூசினாள். விரல் ராத்திரி வரை எரிந்தது.

மறுநாள் மத்தியானம் களத்தில் சாப்பாட்டு நேரத்தில் உடுமலைக்குப் போன் போட்டாள். எடுத்தது பழைய மாமியார்.

“அத்தை, நான்தானுங்க.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “சொல்லு அம்மிணி. பாப்பா நல்லாருக்கறாளா?”

“நல்லாருக்கறாளுங்க. அத்தை, எங்கப்பா பேரு வெட்டின அண்டா ஒண்ணு அங்க இருக்குதுங்களே...”

“இருக்குது. எடுத்துட்டுப் போ. எட்டு வருசமா நீ கேப்பீன்னுதான் நானும் பார்த்துட்டு இருக்கறேன்.”

எட்டு வருடம்! கேட்டிருந்தால் அப்போதே வந்திருக்கும். கேட்காமல் இருந்தது பெருந்தன்மை என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்?

பாப்பா லீவில் வந்த அன்றைக்குக் குட்டியானை ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ரெண்டு பேரும் போனார்கள். அம்மா வர மாட்டேன் என்றுவிட்டார். சீரியலாக இருந்தால் வாசலில் கால் வைத்ததும் இடி இடித்து, முகம் முகமாக மூன்று தடவை காட்டியிருப்பார்கள். இங்கே அந்தப் புதுப்பெண் வெளியே வந்து, “வாங்க அக்கா, டீ வெக்கட்டுங்களா?” என்றார். அண்டாவைப் புளி போட்டு விளக்கித் திண்ணையில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அப்பாவின் பெயர் பளபளவென்று இருந்தது. ஒரு பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு நெளிந்திருந்தது.

அவர் உள்ளேயிருந்து வந்து ஒரு வளையத்தைப் பிடித்தார். இன்னொரு வளையத்தை அவள் பிடித்தாள். வண்டியில் ஏற்றும்வரை பேச்சில்லை. ஏற்றிய பிறகு, “நெளிஞ்சிருச்சு” என்றார்.

“பார்த்தேன்” என்றாள் அவள்.

அதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது வருடம் மனதுக்குள் எழுதி எழுதி அடித்த வசனங்கள் எல்லாம் உடுமலை ரோட்டில் காற்றோடு போயின. அதில் ஒன்றிரண்டு நன்றாகவே இருந்தன.

வீட்டு அடுப்படிக் கதவுக்குள் அண்டா நுழையவில்லை. வாசலிலேயே வைத்தார்கள். அம்மா முந்தானையால் பெயரை ஒரு தடவை துடைத்தார். நெளிசலைத் தடவிப் பார்த்தார். அடுத்த வாரமே ஆனைமலைக்கு எண்ணெய் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்றார். பிறகு பேத்தியிடம் போனை வாங்கி, அந்த ஒறம்பரைக்காரம்மாவுக்குப் போட்டார்.

“அண்டா வந்துருச்சுங்க... ஆமாங்க, அவனே தூக்கி வண்டில வெச்சானாமுங்க... இல்லீங்க, நெளிசல் நம்முளுது இல்ல. அது அவங்க நெளிச்சது.”