முதல் இரவிலேயே ரந்தோலி

பிலடெல்பியா



இந்த நகரத்தின் தென்பகுதியில், சுவான்சன் வீதியும் ரிட்னர் வீதியும் சந்திக்கிற மூலையில், பழைய பிங்கோ மண்டபம் ஒன்று இருக்கிறது. தேயிலைப் பெட்டி அடுக்குகிற களஞ்சியம் என்று சொன்னால் நம்பிவிடலாம், அவ்வளவு சாதாரணக் கட்டடம். 1990களில் ஈ.சி.டபிள்யூ. என்ற சின்ன ரெஸ்லிங் கம்பெனி நாற்காலி, மேசை, முள்ளுக்கம்பி எல்லாவற்றையும் குஸ்தி மேடைக்குள் இழுத்துவந்து பெயர் வாங்கியது இதற்குள்தான். ஜப்பானில் அட்சுஷி ஒனிடா 1989இலேயே எஃப்.எம்.டபிள்யூ. என்ற கம்பெனியைத் தொடங்கி, பிறகு வெடிக்கிற முள்ளுக்கம்பி வரைக்கும் போனவர். ஆனாலும் அமெரிக்காவில் ‘ஹார்ட்கோர்’ என்ற பாணிக்கு முகவரி இந்தப் பிங்கோ மண்டபம்தான். 2001 ஏப்ரலில் 80 லட்சம் டொலருக்கு மேல் கடனோடு அந்தக் கம்பெனி வங்குரோத்து மனுக் கொடுத்தது. (வங்குரோத்து என்றால் என்ன என்று இலங்கையருக்கு விளக்கத் தேவையில்லை.) கம்பெனி போனது, அதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட பூனைகள் போகவில்லை. அந்தப் பூனைகளின் காட்சிகள்தான் இன்றைக்குப் பேராதனை பஸ்ஸில் ஜன்னலோரம் இருக்கிற பொடியனின் கைப்பேசி வரைக்கும் வந்து சேர்கின்றன. பெரியவர்கள் ‘ஒரே இரத்தம், பார்க்கவே சகிக்கவில்லை’ என்கிறார்கள். நான் குறைப்படுவது இரத்தத்தைப் பற்றியல்ல, அதைச் செலவழிக்கிற விதத்தைப் பற்றி.

கண்டிக்காரருக்கு இதைச் சொல்லப் பெரஹெராவை விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கப் என்ற கம்பத்தை நாட்டிய பிறகு ஐந்து நாள் எல்லாமே தேவாலய வளவுகளுக்குள்தான் நடக்கும். அடுத்த ஐந்து இரவு கும்பல் பெரஹெரா. பல்லக்குகள் புறப்படுகிற ரந்தோலி அதற்கும் பிறகுதான், அதுவும் ஐந்து இரவு, இரவுக்கு இரவு கூடிக்கொண்டே போகும். ஒரே இரவுக்குள்ளும் அதே ஒழுங்கு உண்டு. முதலில் சாட்டைக்காரர்கள் வருகிறார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் வீதியோரத்துச் சனம் கழுத்தை நீட்டுகிறது. வரப்போகிறது என்று தெரியும், ஆனால் இன்னும் வரவில்லை. தீப்பந்து சுழற்றுகிறவர்கள், மேளக்காரர்கள், யானைகள் எல்லாம் தத்தம் முறைக்கு வருகிறார்கள். நெருப்பு அங்கே நிஜம், யானையும் நிஜம், ஆபத்தும் நிஜம். ஆனால் எது எதற்குப் பின்னால் வரவேண்டும் என்று யாரோ தலையை உடைத்துக்கொண்டு யோசித்து, பல தலைமுறையாகக் காத்துவந்த வரிசை அது. மட்டமான ஹார்ட்கோர் கம்பெனி செய்கிற முதல் தவறு, முதல் இரவு முதல் அரைமணித்தியாலத்திலேயே ரந்தோலியை இறக்கிவிடுவது. முதல் குஸ்தியில் டியூப் லைட் உடைகிறது. இரண்டாவதில் மேசை தீப்பிடிக்கிறது. மூன்றாவதில் நோட்டீஸ் போர்டில் குத்துகிற பின்களைச் சாக்கோடு கொட்டி அதன்மேல் ஆளைத் தூக்கிப் போடுகிறார்கள். நாலாவது குஸ்திக்குக் கம்பெனியின் கையில் காட்ட ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த மாதக் காட்சிக்கு அதைவிட உயரமான ஏணி, அதைவிடக் கூடுதல் கண்ணாடி, அவ்வளவுதான் கற்பனை.

இதில் வீணாவது இரத்தம் மட்டுமல்ல, இரத்தத்தின் அர்த்தமும்தான். பழைய ரெஸ்லிங்காரர்கள் பிளேடின் சிறு துண்டைப் பிளாஸ்டர் சுற்றி மணிக்கட்டிலோ விரலிலோ ஒளித்து வைத்திருப்பார்கள். எதிராளி அடித்ததும் குப்புற விழுந்து, முகத்தை மூடிக்கொண்டு, நெற்றியில் ஒரு கீறல். வியர்வையோடு கலந்தால் கொஞ்ச இரத்தமே முகம் முழுவதும் ஓடியது போல் தெரியும். அவர் தலையைத் தூக்குகிற அந்தக் கணத்துக்காக அதற்கு முன்னால் பல வாரக் கதை கட்டியிருப்பார்கள்: யார் யாருக்குத் துரோகம் செய்தார், யாருடைய பட்டம் யாரிடம் போனது என்று. சண்டை இனித் திரும்ப முடியாத இடத்துக்கு வந்துவிட்டது என்பதை இரத்தம் சொன்னது. எல்லாக் குஸ்தியிலும் எல்லாரும் இரத்தம் சிந்தினால் அது ஒன்றையும் சொல்லாது, வெறும் ஈரம். எங்கள் தாத்தாமார் காலத்துத் தாராசிங்கையும் கிங்காங்கையும் நினைத்துப் பாருங்கள். ஒருவர் கட்டுமஸ்தான பஞ்சாபி, மற்றவர் மலை மாதிரி ஹங்கேரிக்காரர். முள்ளுக்கம்பியும் இல்லை, டியூப் லைட்டும் இல்லை. இரண்டு உடம்பின் வித்தியாசமே கதையாகி, அந்தப் பெயர்கள் இரண்டும் தமிழில் பட்டப்பெயர்களாகவே நிலைத்துவிட்டன.

இரண்டாவது தவறு இன்னும் ஆழமானது. ரெஸ்லிங் வெளியே பகை, உள்ளே ஒத்துழைப்பு. தூக்கிப் போடுகிறவர்தான் விழுகிறவரின் கழுத்துக்குப் பொறுப்பு. நடுவரின் உண்மையான வேலை மூன்று எண்ணுவதல்ல. கையை அழுத்திப் பார்த்து ஆள் நினைவோடு இருக்கிறாரா என்று அறிவது, ஒருவரின் செய்தியை மற்றவருக்குக் கடத்துவது, நிஜமாகவே அடிபட்டுவிட்டால் இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்துக் காட்டுவது. இந்த ஏற்பாட்டுக்குப் பயிற்சி வேண்டும், பயிற்சிக்குக் காசும் காலமும் வேண்டும். நாற்காலிக்கும் டியூப் லைட்டுக்கும் அவ்வளவு வேண்டாம். தெரிந்த கடையில் எரிந்துபோன டியூப்களைச் சும்மாவே தருவார்கள். கம்பெனிக்கு மலிவாகிற ஒவ்வொன்றின் விலையும் மேடையில் நிற்கிறவனின் தோலில் எழுதப்படுகிறது. லொஸ் ஏஞ்சல்ஸில் 1999இல் ரொப் பிளாக் என்ற ஆபாசப்பட முதலாளி தொடங்கிய எக்ஸ்.பி.டபிள்யூ. இதற்கு அசல் உதாரணம். ஈ.சி.டபிள்யூ. வீழ்ந்த பிறகு இங்குள்ள பிங்கோ மண்டபத்தையே குத்தகைக்குப் பிடித்து, ஆனாலும் 2003இல் கடையைக் கட்டிய கம்பெனி அது. 2002 பெப்ரவரியில் அவர்கள் மேடையின்மேல் ஏறத்தாழ 40 அடி உயரத்தில் சாரம் கட்டி இரண்டு பேரை ஏற்றினார்கள். ஒருவர் நியூ ஜாக், மற்றவர் விக் கிரைம்ஸ். 2000இல் ஈ.சி.டபிள்யூ. காட்சி ஒன்றில் இதே இருவரும் உயரத்திலிருந்து சேர்ந்து விழுந்ததில் நியூ ஜாக்குக்கு ஒரு கண்ணின் பார்வை போயிருந்தது. அதற்குப் பழிதீர்க்கத்தான் கிரைம்ஸைத் தள்ளினேன் என்று அவரே பிறகு பேட்டிகளில் ஒளிக்காமல் சொன்னார். கீழே அடுக்கிய மேசைகள் பாதிதான் தாங்கின, கயிற்றில் பட்டுத் தெறித்ததில் ஆள் பிழைத்தது அதிர்ஷ்டம். நம்பிக்கை முறிந்த இருவரை 40 அடிக்கு ஏற்றுகிறவன் காட்சி நடத்தவில்லை, விபத்துக்கு டிக்கட் விற்கிறான்.

உயரம் என்றதும் நமது தேயிலைத் தோட்டங்களின் அர்ச்சுனன் தபசு கூத்துதான் ஞாபகம் வருகிறது. வானளாவ நட்ட தபசு மரத்தில் அர்ச்சுனன் வேடக்காரர் ஒவ்வொரு படிக்கும் நின்று பாடிப் பாடித்தான் ஏறுகிறார். தவறினால் அவருக்கும் எலும்பு மிஞ்சாது. ஆனால் அவரைக் கீழே தள்ள யாரும் மேலே காத்திருப்பதில்லை. அந்த ஏற்றத்தைத் தாங்கிப் பிடிப்பது பாட்டு. அடுத்த படிக்கு இன்னொரு பாட்டு இருக்கிறது என்பதால்தான் சனம் பனியில் நடுங்கிக்கொண்டு விடியும்வரை அண்ணாந்து நிற்கிறது.

‘வயது வந்தவன் தெரிந்தே செய்கிறான், உனக்கென்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, ஆனால் தெரிந்துதான் செய்கிறானா என்று முதலில் பார்க்க வேண்டும். 1996 நவம்பர் 23ஆம் திகதி மசசூசெட்ஸ் மாநிலத்து ரிவியரில் ஈ.சி.டபிள்யூ. காட்சிக்கு ஓர் ஆள் வரவில்லை. வந்து நின்ற ஒரு பையனை அந்த இடத்துக்கு ஏற்றினார்கள். 21 வயது, பயிற்சி எடுத்திருக்கிறேன் என்று சொன்னான். இரண்டும் பொய், வயது 17. தனக்குக் கீறத் தெரியாது, நீங்களே கீறிவிடுங்கள் என்று நியூ ஜாக்கிடம் கேட்டான். அவர் கீறியது இரத்தநாடி வரைக்கும் போய்விட்டது. வழக்கில் நியூ ஜாக் விடுதலையானார். பையன் பொய் சொன்னதும் உண்மை, அவனே கேட்டதும் உண்மை. ஆனால் ஒரு பிறப்புச் சான்றிதழைக் கேட்டுப் பார்க்க எத்தனை நிமிடம் வேண்டும்? சம்மதம் என்பது கேட்கிறவனின் கடமையையும் சேர்த்ததுதான். பையன் விஷயம் போகட்டும், நன்றாகத் தெரிந்தவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009 ஜூனில் டெலவேர் மாநிலத்தில் சி.இசட்.டபிள்யூ. என்ற கம்பெனி நடத்திய ‘மரணப் போட்டி’யில் நிக் கேஜ் என்பவருக்கு உடைந்த டியூப் லைட் அக்குளில் வெட்டி, ஹெலிகொப்டரில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் இந்தப் பாணியின் தேர்ந்த ஆள், சம்மதத்தில் ஒரு குறையும் இல்லை. கண்ணாடி எங்கே உடையும் என்பதற்குச் சம்மதம் கேட்க முடியாது என்பதுதான் பிரச்சினை.

‘பெரிய கம்பெனியும் இதைத்தானே செய்தது’ என்பது அடுத்த வாதம். செய்தது. 1998 ஜூனில் பிட்ஸ்பர்க்கில் அண்டர்டேக்கர் மிக் ஃபோலியைக் கூண்டின் உச்சியிலிருந்து எறிந்ததை இலங்கையில் ஒரு தலைமுறையே மனப்பாடமாக வைத்திருக்கிறது. ஆனால் அதற்குப் பின்னால் இரண்டு வருடத்துப் பகை கதையாக ஓடியிருந்தது, அதனால்தான் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த மாதிரி விழுந்த மற்றவர்களின் பெயர் ஒன்றாவது சொல்ல முடியுமா? மேலும், பெரிய கம்பெனி அடிபட்டுப் பாடம் படித்தது. 2007 ஜூனில் அதன் ரெஸ்லிங்காரர் கிறிஸ் பென்வா மனைவியையும் மகனையும் கொன்று தானும் செத்தபோது, ஆராய்ந்தவர்கள் அவருடைய மூளை அடிமேல் அடிபட்டுக் கடுமையாகச் சிதைந்திருந்ததாகச் சொன்னார்கள். கொலைக்கு அதுதான் காரணம் என்று யாராலும் அறுதியிட முடியாது. ஆனாலும் 2010இல் தலையில் நாற்காலியால் அடிப்பதை அங்கே நிறுத்தினார்கள். கண்டிக்காரருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. 1945 முதல் பிராட்பி ரக்பி கேடயத்துக்கு ரோயல் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் மோதுவதைப் பார்த்து வளர்ந்த ஊர், நித்தவலையில் எலும்பு முறிகிற சத்தம் கேட்டுப் பழகிய ஊர். அங்கே கூட, தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே ஆளை வெளியே எடு என்பது இன்று உலக ரக்பியின் விதி. உடம்போடு உடம்பு மோதுகிற விளையாட்டு மிருதுவாகிவிடவில்லை, கணக்கு வைக்கப் பழகியது. சின்னக் கம்பெனியில் அந்தக் கணக்கைக் கேட்கிறவர் யார்? இந்தியாவிலும் பார்த்தோம். ஜலந்தரில் பயிற்சிப் பள்ளி வைத்த கிரேட் காளி என்ற ரெஸ்லிங்காரர் 2016 பெப்ரவரியில் ஹல்த்வானியில் வெளிநாட்டுக்காரரிடம் நாற்காலியால் அடிவாங்கி, தலையில் தையலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்று செய்தி. நாலே நாளில் தெஹ்ராதூன் மேடையில் ஏறி வென்றார். அடி நாடகமா நிஜமா என்று நாடே விவாதித்தது. நாடகமென்றால் ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் கதையை இழுத்தார்கள், நிஜமென்றால் நாலு நாளில் தையலோடு மேடை ஏற்றினார்கள். இரண்டில் எது என்று தெரியாமல் பார்க்கிறவனைத் தவிக்க விடுவதையே சாமர்த்தியம் என்று நினைப்பது இந்தத் தொழிலின் பழைய நோய்.

எனக்கு உண்மையிலேயே தைக்கிற மறுப்பு வேறு. இது ஏழைகளின் கலை, படித்தவன் மூக்கைப் பிடிக்கிறான் என்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் உண்டு, காமன் கூத்தையும் அப்படித்தான் ஒருகாலத்தில் பார்த்தார்கள். கண்டியின் பழைய சண்டைக்கலையும் சாந்தமானதாக இருக்கவில்லை. அங்கம்பொரவின் சுதலிய, மருவல்லிய பரம்பரைகள் அரசன் முன்னால் மோதிய கதைகளில் சாவும் வருகிறது. 1818 கிளர்ச்சியை அடக்கிய கையோடு ஆங்கிலேயர் அதைத் தடைசெய்தார்கள் என்பதுதான் வழிவழியாகச் சொல்லப்படுவது. இருந்தாலும் எம்பெக்கே தேவாலயத்துக்குப் போகிறவர்கள் ஒரு தூணருகில் நின்று பார்க்கட்டும். நமது கந்தனுக்கென்றே எழுந்த கோயில், மேளமண்டபத்து மரவேலைகள் 514 என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். அன்னம், இருதலைப் பறவை, பாலூட்டும் தாய், இவற்றுக்கிடையே பின்னிக்கிடக்கிற இரண்டு மல்லர். செதுக்கியவனிடம் உளி இருந்தது, காயம் காட்டவேண்டுமென்றால் காட்டியிருக்கலாம். அவனுக்குப் பிடித்தது பிடிதான். தோட்டத்துக் கூத்தும் அப்படியே. லயத்துக்கு முன்னால் கம்பத்தை நட்டு, நாள் தவறாமல் ஆடி, கடைசி இரவில்தான் காமனை எரிக்கிறார்கள். பிங்கோ மண்டபம் வாடகைக்குப் பிடிக்கிறவனை விட அவர்கள் கையில் காசு கூடுதலாக இருக்கவில்லை. மட்டமான காட்சிக்கு வறுமை காரணமில்லை என்பதற்கு வேறு சாட்சி எனக்கு வேண்டாம்.

மிச்சமிருப்பது ‘சனம் கேட்கிறது’ என்ற கடைசிச் சாக்கு. சனம் என்ன கேட்கிறது என்று காது கொடுத்துக் கேட்டால் தெரியும். இந்த மரணப் போட்டிகளில் ஒருவர் கண்ணாடிக்குள் விழுந்து எழும்பாமல் கிடக்கும்போது கூட்டம் தாளத்தோடு கத்துகிற ஒரு கோஷம் இருக்கிறது: தயவுசெய்து செத்துவிடாதே. பாதி பகிடி, பாதி பயம். அந்த நிமிடத்தில் நல்லவன் யார், கெட்டவன் யார், பட்டம் யாருக்கு என்பதெல்லாம் கரைந்துவிடுகிறது. முன்னால் கிடப்பது பாத்திரமல்ல, யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிட்டது. முதலாளி அதைக் கைதட்டல் என்று எடுத்துக்கொண்டு அடுத்த மாதத்துக்கு இன்னொரு பெட்டி டியூப் லைட் சேர்க்கிறார். தோட்டத்துப் பொன்னர் சங்கர் கூத்தில் படுகளம் விழுகிற இரவில் கூட்டம் அப்படிக் கெஞ்சுவதில்லை. வாய்விட்டு அழுகிறது. விடிந்ததும் படுகளத்தில் கிடந்தவரோடு சேர்ந்து பிளேன்டீ குடித்துவிட்டுக் கொழுந்தெடுக்கப் போகிறது.