ஒரு சாண் கம்பியுடன் ஒரு கப்ளர்

கலைச்சொல் தொகுதிகளில் அதன் பெயர் இணைப்பி. பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ களியக்காவிளையிலோ எந்த வாகன மின்பொருள் கடையிலும் அந்தச் சொல்லைச் சொன்னால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். அங்கே அது கப்ளர். மலையாளம் பேசும் கடையிலும் கப்ளர், தமிழ் பேசும் கடையிலும் கப்ளர். அந்தச் சொல் மட்டும் போதாது. வண்டியின் பெயர், ஆண்டு, எஞ்சினில் அது அமர்ந்திருக்கும் இடம், உள்ளே எத்தனை பின் என்பன எல்லாம் சேர்ந்தால்தான் அது ஒரு பொருளைக் குறிக்கும். எல்லையோர ஊர்களின் தொழிற்சொற்களைத் தொகுத்துவரும் எனக்கு இது நல்ல தரவு. ஆனால் கடந்த மழைக்காலத்தில் நான் மூன்று வாரம் அலைந்தது சொல்லுக்காக அன்று, பொருளுக்காகவே.

வீட்டில் 2006ஆம் ஆண்டின் சிறிய கார் ஒன்று உண்டு. அம்மாவை வாரம் இருமுறை டயாலிசிசுக்குத் திருவனந்தபுரம் அழைத்துச் செல்வது அதில்தான். அந்த மாதம் இரண்டு முறை, பாலராமபுரம் நெரிசலில் நிற்கும்போது ரேடியேட்டர் நீர் கொதித்தது. வியப்பு என்னவென்றால், வெப்பமானியின் முள் நடுவிலேயே நின்றது; ரேடியேட்டர் விசிறி சுழலவில்லை. விசிறி நன்றாக இருந்தது, நீர் குறையவில்லை, தெர்மோஸ்டாட்டும் சரி. வெப்பநிலை உணரி புதிதாக மாற்றப்பட்டது. மறுவாரம் மீண்டும் கொதித்தது.

இதன் இயக்கத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கார்புரேட்டர் காலத்துக் கார்களில் வெப்ப உணரி பெரும்பாலும் வெப்பமானி முள்ளை நகர்த்த மட்டுமே இருந்தது. ஒரே கம்பி, மறுமுனை எஞ்சின் உடலே. 2005 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 2 புகை விதிகள் நாடு முழுவதற்கும் வந்தபோது, சிறிய கார்களிலும் மின்னணுக் கட்டுப்பாட்டுடன் எரிபொருள் பீய்ச்சும் முறை பரவலாகிவிட்டது. எவ்வளவு பெட்ரோல் விடவேண்டும், எப்போது விசிறியைச் சுழற்றவேண்டும் என்பதையெல்லாம் கட்டுப்பாட்டுப் பெட்டி முடிவு செய்கிறது. அதற்கு எஞ்சினின் சூட்டைச் சொல்வது இரண்டு கம்பியுள்ள ஒரு சிறு உணரி. சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். ஜப்பானிய வழிவந்த பல கார்களில் 20 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 2,450 ஓம்; 80 பாகையில் ஏறத்தாழ 320 ஓம்; 95ஐ ஒட்டி 200 ஓம் அளவில் நிற்கும்.

கணக்கு இங்கேதான் சுவையாகிறது. கட்டுப்பாட்டுப் பெட்டி உணரியைத் தனியாகப் பார்ப்பதில்லை. உணரி, கம்பி, கப்ளர் மூன்றின் மின்தடையையும் கூட்டித்தான் பார்க்கிறது. உணரியில் 200 ஓம், கப்ளரின் துருவில் 120 ஓம் என்றால் பெட்டிக்குத் தெரிவது 320 ஓம், அதாவது 80 பாகை. நீர் கொதிநிலையை நெருங்கும்போதும் பெட்டி நிம்மதியாக இருக்கும், விசிறி சுழலாது. கப்ளரைக் கழற்றியே விட்டால் பல கார்களில் பெட்டி ஐயுற்று விசிறியை ஓயாமல் சுழலவிடும். முழுதாக அறுந்த தொடர்பைக் காட்டிலும் அரைகுறைத் தொடர்பு ஆபத்தானது.

இதைக் கண்டுபிடித்தவர் இஞ்சிவிளைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் முதிய வாகன மின்பணியாளர். பழைய உணரியையும் புதியதையும் சூடான நீரில் அருகருகே அமிழ்த்தி மல்ட்டிமீட்டரில் அளந்தார். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. பிறகு கப்ளரின் உட்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பி, "சென்சருக்கு ஒண்ணும் இல்ல மக்களே, கப்ளருக்காக்கும் கேடு" என்றார். உள்ளே பச்சை படிந்திருந்தது. செம்பிற் களிம்பு. சைவ சித்தாந்த வகுப்பில் ஆணவ மலத்துக்கு உவமையாகக் கேட்டதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

களிம்பு ஏறியதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. பூவாறும் பொழியூரும் பக்கத்தில். காற்றில் உப்பு உண்டு. கப்ளரின் வாயில் உள்ள சிலிக்கான் ரப்பர் வளையம் எஞ்சின் சூட்டில் ஆண்டுக்கணக்கில் வெந்து விறைத்து வெடித்திருந்தது. அந்த வழியே ஈரம் நுழைகிறது. எஞ்சினின் அதிர்வில் இரு உலோகத் தகடுகளும் கண்ணுக்குத் தெரியாத அளவு உரசி, மேலுள்ள வெள்ளீயப் பூச்சைத் தேய்த்துவிடுகின்றன. போதாக்குறைக்கு, முன்பு யாரோ சோதனைக்காகக் கம்பியின் உறையில் ஊசி குத்திப் பார்த்திருந்தார்கள். அந்தத் துளையும் ஈரத்துக்கு வாசல்.

சரி, புதிய கப்ளர் வாங்கிவிடலாம் என்றால் அங்கேதான் தேடல் தொடங்குகிறது. உணரிக்கு உதிரிபாக எண் உண்டு. எந்தக் கடையிலும் கிடைக்கும். உணரியில் செருகும் மறுபாதிக்கு அந்த மரியாதை இல்லை. நான் விசாரித்த சேவை மையத்தில், அது தனியாக வராது, முழு வயரிங் கட்டாகத்தான் மாற்றவேண்டும் என்றார்கள். சொன்ன விலை ஐந்திலக்கம். வர ஆறு வாரம். ஒரு கட்டைவிரல் அளவு நெகிழிக்காக நல்ல நிலையிலுள்ள கம்பிக்கட்டு முழுவதையும் எறியச் சொல்லும் முறை இது. டயாலிசிஸ் ஆறு வாரம் காத்திருக்காது.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் இரண்டு பின் கப்ளர்கள் ஏராளம். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஐரோப்பிய வகையொன்றில் தகட்டின் அகலம் 2.8 மில்லிமீட்டர், ஜப்பானிய வகையொன்றில் 2.3. அரை மில்லிமீட்டர்தான் வேறுபாடு. அகன்ற தகட்டுக்கான பிடியில் குறுகிய தகட்டைச் செருகினால் செருகிவிடும், மீட்டரும் நல்ல எண்ணைக் காட்டும். ஆனால் பிடி தளர்ந்திருக்கும், சில மாதங்களில் பழைய கதை திரும்பும். அகலம் ஒத்தாலும் வழிகாட்டும் வரம்பு இடம் மாறியிருக்கும். வரம்பு ஒத்தால் பூட்டு நாக்கு எட்டாது. எல்லாம் ஒத்துவந்த ஒன்றில் ரப்பர் வளையம் இல்லை. ஆண், பெண் என்ற வழக்கு தனிக் குழப்பம்: சிலர் உள்ளிருக்கும் பின்னைப் பார்த்துச் சொல்கிறார்கள், சிலர் வெளிக்கூட்டைப் பார்த்து. தொலைபேசியில் கேட்டு வாங்கினால் பாதி நேரம் எதிர்ப்பாதிதான் வந்து சேரும். ஒரே ஆறுதல், இந்த உணரி வெறும் மின்தடை என்பதால் இரண்டு கம்பிகளில் எது எந்தப் பக்கம் என்ற கவலை இல்லை.

இந்திய வணிகப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அசல் உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்கு எட்டாமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டின் சாரம். வழக்கு பிறகு மேல்முறையீடுகளில் நீண்டது. 2022இல் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக அமைத்த குழு எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. இரண்டையும் வரவேற்கிறேன். ஆயினும் ஒன்று உறுத்துகிறது: உதிரிபாகம் என்று பட்டியலில் ஏறிய பொருளைப் பற்றித்தான் உரிமை பேச முடிகிறது. பட்டியலிலேயே இல்லாத கப்ளரை எந்த உரிமையின் பேரில் கேட்பது? சட்டம் பயிலும் நண்பர்கள் இதை எழுதவேண்டும்.

கடைசியில் அது கிடைத்தது எல்லைக்கு அப்பால், மார்த்தாண்டம் பக்கம், பழைய கார்களை உடைத்து விற்கும் ஒரு முற்றத்தில். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமுமாகப் பிரிந்தன. கே.எல். 19 வண்டிகளின் உறுப்புகள் டி.என். 75 வண்டிகளில் ஓடுவதும், அவற்றின் உறுப்புகள் இங்கே வருவதும் நிற்கவில்லை. மாமா ஒவ்வொரு எஞ்சின் அறையாகக் குனிந்து, கப்ளர்களின் வரம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். ஐந்தாவது வண்டியில் நின்றார். அது எங்கள் காரின் நிறுவனமே அல்ல. வேறு நிறுவனத்தின் வேறு வண்டி. இருவருக்கும் கப்ளர் செய்து கொடுத்தது ஒரே ஆலையாக இருக்கவேண்டும். எந்த விலைப்பட்டியலும் அந்த உறவைச் சொல்லாது. அவருடைய விரலுக்குத் தெரிந்திருந்தது. "வயர ஒரு சாண் விட்டு வெட்டணும். கழுத்துல வெட்டினா பிறகு ஒட்டுப்போட எடம் இருக்காது" என்று சொல்லி வெட்டினார். விலை 80 ரூபாய்.

பொருத்தியதிலும் ஒரு பாடம் இருந்தது. ஈயம் வைத்துப் பற்றவைக்க அவர் உடன்படவில்லை. ஈயம் இழைகளுக்குள் ஏறிக் கம்பியை விறைப்பாக்கும், அந்த விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வில் முறியும் என்றார். செம்புக் குழலில் வைத்து இடுக்கியால் அழுத்தி இணைத்தார். இரண்டு ஒட்டுகளும் ஒரே இடத்தில் வராமல் ஒன்றை மேலும் ஒன்றைக் கீழுமாக வைத்தார். உட்புறம் பசையுள்ள சுருங்கு ஸ்லீவைச் சூடாக்கி மூடினார். பழைய கப்ளரை எறியாமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டார். அதில் ஏறக்குறைய இருநூறு இருந்தன, ஒன்றிலும் எழுத்தில்லை.

அந்த டப்பாவைப் படமெடுத்து வகைப்படுத்தத் தொடங்கியிருக்கிறேன்: தகட்டின் அகலம், வரம்பின் இடம், எந்த வண்டியில் எங்கே இருந்தது, அவர் அதை என்ன சொல்லி அழைக்கிறார். இதுவரை நாற்பத்தொன்று முடிந்தன. உக்கடத்திலோ புதுப்பேட்டையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள பட்டறைகளில் கப்ளருக்கு வேறு பெயர் வழங்கினால் நண்பர்கள் பின்னூட்டத்தில் எழுதுங்கள். எந்த வண்டி, எத்தனை பின் என்பதையும் சேர்த்து.