ஐந்து வெள்ளையும் அம்மாவும்

பெசன்ட் நகருக்கு வருகிறவர்கள் நேரே எலியட்ஸ் பீச்சுக்குப் போய், சுண்டலைக் கொறித்தபடி அந்த வெள்ளை வளைவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். 1930-ல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப்போய்த் தானே மூழ்கிப்போன டென்மார்க்காரர் கார்ல் ஷ்மிட்டின் நினைவுச் சின்னம் அது. அங்கிருந்து நாலு தெரு உள்ளே தள்ளி எங்கள் ஃபிளாட். அதைப் பார்க்க யாரும் வருவதில்லை. எழுபதுகளில் கட்டியது, 480 சதுர அடி. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் சமையலறைக்குள் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

'கடல் காத்து... கொடுத்து வெச்சவங்க!' என்று உறவினர்கள் பெருமூச்சு விடுவார்கள். காற்று வரும்தான். கூடவே உப்பும் வரும். பூட்டு, ஜன்னல் கம்பி, கேஸ் அடுப்பு எதையும் விடாது. கான்கிரீட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்பியைக்கூடத் தேடிப் பிடித்துத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏறினால் கம்பி பருத்து, மேலே இருக்கும் காரையைப் பிதுக்கித் தள்ளும். அப்படித்தான் ஒருநாள் ஹால் சீலிங்கிலிருந்து இட்லித் தட்டு அகலத்துக்கு ஒரு துண்டு, என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தது. நான் இரண்டாவது காபி கேட்க சமையலறைக்குப் போயிருந்தேன். அன்றிலிருந்து வீட்டுக் காபியைக் குறை சொல்லும் உரிமையை இழந்தேன்.

கொத்தனார் வந்து சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். 'டொக்' என்றால் பிழைத்தோம். 'டப்' என்று பொள்ளலாகக் கேட்டால் உதிர்த்தாக வேண்டும். எங்கள் வீடு பெரும்பாலும் 'டப்'. கம்பியைத் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு அடித்து, கலவை பூசி முடித்ததும், "பெயின்ட்டுக்கு இப்ப அவசரப்படாதீங்க சார். ஈரத்து மேல பட்டி பார்த்தா மறுபடி உப்பு பூத்துடும்" என்றார். காத்திருந்தோம்.

அந்த இடைவெளியில்தான் என் மனைவி கலர் கார்டுடன் உட்கார்ந்தாள். அப்பா காலத்துக் கிளிப் பச்சைக்கு விடை கொடுத்துவிட்டு, கண்ணுக்கு அமைதியான நிறம் வேண்டுமாம். கார்டில் ஐந்து வெள்ளை இருந்தன. எனக்குத் தெரிந்தவரை தயிர், மோர், நீர்மோர், அதைவிட நீர்மோர், கல்யாண வீட்டு மோர். ஐந்தையும் சுவரில் இரண்டடிச் சதுரமாக அடித்துப் பார்த்தோம். நல்ல யோசனைதான் அது. காலை வெயிலில் தந்தமாக இருந்தது, ராத்திரி டியூப் லைட்டில் நீலம் பாரித்துவிட்டது!

கடைசியில் மோர் ஜெயித்தது. சுவர், கதவு, நிலை, சுவிட்ச் பெட்டி எல்லாம் அதே மோர். பழைய மொசைக் தரையைப் பெயர்க்காமல் பாலிஷ் போட்டதில், உள்ளேயிருந்த சாம்பலும் பச்சையுமான சில்லுகள் கண் விழித்தன. பார்த்தவர்கள் எல்லாரும் வீடு இரண்டு மடங்கு பெரிசாகிவிட்டது என்றார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். அம்மா நடையில் சுவரைத் தடவியபடி நின்றிருந்தாள். வயது 78, கிளாகோமாவில் ஒரு கண் போய், மறு கண்ணிலும் பார்வை மங்கல்.

"என்னம்மா?"

"பாத்ரூம் கதவு எங்கடா? முன்னே பச்சை முடியற இடத்துல பழுப்பா நிலை தெரியும். அதைப் பிடிச்சுக்கிட்டே போயிடுவேன். இப்ப எல்லாம் ஒரே வெள்ளையா..."

விளக்கைப் போட்டேன். முழங்காலுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. முதல் நாளே பாத்ரூம் படியில் இடித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏன் சொல்லலை?"

"நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க."

மனைவி எழுந்து வந்து காலைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. காலையில் அவளே கடைக்குப் போய் ஒரு டப்பா காபிக்கொட்டைப் பழுப்பு வாங்கி வந்தாள். பெயின்ட்டர் நிலைகளுக்கும் படி விளிம்புக்கும் அடித்தார். சுவிட்ச் பெட்டிகளைச் சுற்றி அவளே பட்டை தீட்டினாள். கொஞ்சம் கோணல்தான்.

ஈரம் காய்ந்ததும் அம்மா கூடத்திலிருந்து பாத்ரூம்வரை ஒருதரம் நடந்து பார்த்தாள்.

"சுவர் கலர் எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

"சுவரா? அது யாருக்குத் தெரியுது! கதவு தெரியுது" என்றாள்.

டப்பாவில் பாதிப் பழுப்பு மிச்சம். பால்கனிக் கம்பிக்கு அடிக்கலாம் என்றிருக்கிறேன், கடல் காற்று அதைத் தின்று முடிப்பதற்குள்.