ஓடுங் காட்சியை நிறுத்தி வைத்தல்

தொலைக்காட்சியில் நேரடியாக வரும் ஒளிபரப்பை நிறுத்தி வைக்கலாம் என்றால், நிலையத்தார் நமக்காகக் காத்திருப்பரோ என்று கேட்பார் உண்டு. அவர் காத்திருப்பதில்லை. திரையில் உருவம் அசையாது நிற்கையில், பின்வருங் காட்சிகளையெல்லாம் கணினி தன் தட்டில் எழுதிக்கொண்டே போகின்றது. மீண்டும் ஓடவிட்டபின் நாம் காண்பது சற்றுப் பழைய காட்சியேயாம். இவ்வசதியுடைய டீவோ என்னும் பெட்டி அமெரிக்காவில் 1999-ஆம் ஆண்டிலேயே விற்பனைக்கு வந்தது. எம் இல்லத்தில் இதற்கு அவசியம் நேர்ந்ததோ தந்தையார் பக்கவாதமுற்ற பின்னரே.

அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். கிரிக்கெட் ஆட்டமென்றால் ஊணுறக்கம் மறப்பவர். நோயுற்றபின் நாற்காலியினின்று குளியலறைக்குச் சென்று மீள அவருக்குக் கால்மணி நேரம் செல்லும். ஒரு பந்தையும் இழக்க மனமின்றி விரைந்தெழுந்து, இருமுறை சுவரோரஞ் சரிந்து விழுந்தார். ஆட்டத்தை நிறுத்தினாலன்றி அவரை நிதானமாய் நடக்கச் செய்தல் அரிதென்று கண்டோம்.

மாடியில் தூர்தர்ஷனுடைய ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பிற்குரிய ஆண்டெனா இருந்தது. அதன் கம்பியைப் பழைய கணினியொன்றின் டியூனர் கார்டில் இணைத்து, டிவிஹெட்எண்ட் என்னும் இலவச மென்பொருளை நிறுவினோம். அதில் டைம்ஷிஃப்ட் என்னும் பகுதியொன்றுண்டு. எத்தனை நிமிடக் காட்சியைச் சேமிப்பது, எத்தனை மெகாபைட் வரை இடங்கொடுப்பது என்னும் இரண்டையும் அங்கே குறிக்கவேண்டும். இவற்றுள் எது முன்னர் நிரம்புகின்றதோ அதுவே எல்லை. எல்லை கடந்தால் பழைய பகுதி அழிக்கப்பட்டு, நாம் நிறுத்திய இடமே இல்லாதொழியும். காட்சி வினாடிக்கு 3 மெகாபிட் அளவில் வருமென்று கொண்டால் மணிக்கு 1350 மெகாபைட்டாகும். தந்தையாரே இக்கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினார். நோய்க்குப்பின் அவர் இடக்கையால் எழுதிய முதற் கணக்கு அதுதான். குளியலறை, உணவு, மருந்து எல்லாங் கூட்டி 120 நிமிடமும் 4000 மெகாபைட்டும் வைத்தோம். கணினியின் நினைவகம் அவ்வளவைத் தாங்காதாகையால், சேமிக்கும் இடமாகப் பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றைக் குறித்தோம்; நாள் முழுதும் எழுதுவதும் அழிப்பதுமான வேலைக்குப் புதிய எஸ்.எஸ்.டி.யைத் தேய்ப்பானேன்?

இன்னுமொரு தெரிவுண்டு. தேவைப்படும்போது மட்டும் சேமிக்கச் சொன்னால், நிறுத்தும் பொத்தானை முதன்முறை அழுத்திய கணத்திலிருந்தே பதிவு தொடங்கும். அதற்கு முந்தியது கிட்டாது. ஆனால், “என்ன சொன்னான்?” என்று முதியவர் கேட்பது சொல்லி முடித்தபிறகன்றோ? ஆகவே அதனை நீக்கிவிட்டோம். சேனலை மாற்றினால் சேமித்ததெல்லாம் போய்விடுமாதலின், ஆட்ட நாட்களில் ரிமோட்டைச் சிறுவர் கைக்கெட்டாத அலமாரிமேல் வைக்கலாயினோம்.

ஆயினும் அயலாரை நிறுத்திவைக்க எந்த மென்பொருளாலும் இயலாது. 2024-ஆம் ஆண்டு ஜூன் 29 அன்று டி-20 உலகக் கோப்பையின் இறுதியாட்டம் நடந்தது. உணவுக்கும் மருந்துக்குமாக நிறுத்தி நிறுத்தி, நாம் அரைமணி நேரம் பிந்தியிருந்தோம். எம் திரையில் கிளாசன் பந்துகளைச் சிதறடித்து, தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்துகளில் 30 ஓட்டங்களே வேண்டியிருந்த வேளையில், தெருவெங்கும் வெடி முழங்கிற்று. யாவருக்கும் முடிவு விளங்கிவிட்டது. தந்தையார் திரையை விட்டுக் கண்ணெடாமலே, “என்னடா சத்தம்?” என்றார். நாம் விழித்து நிற்க, அன்னையார், “யார் வீட்டு விசேஷமோ, இந்நேரத்தில்!” என்றார். தோல்வி உறுதியென்று நம்பித் தலைகுனிந்திருந்தார் ஒருவர். வெற்றியை அறிந்து வாய்மூடியிருந்தோம் நால்வர். கடைசி ஓவரின் முதற் பந்தை மில்லர் உயர அடிக்க, சூர்யகுமார் எல்லைக்கோட்டருகே பிடித்து, மேலே எறிந்துவிட்டு வெளியே மிதித்து, உள்ளே திரும்பி மீண்டும் பிடித்தபோது, தந்தையார் இடக்கையை உயர்த்திக் கூவினார்.

அதனைப் பின்னோட்டிக் காட்டச் சொன்னார், காட்டினோம். நான்காம் முறையும் கேட்கவே, அன்னையார் எழுந்து விளக்கை அணைத்தார்.