கித்துல்கலையில் ஒரு திசைப் பாடம்

கொழும்பிலிருந்து அவிசாவளை, யட்டியாந்தோட்டை வழியாக ஹட்டன் நோக்கிப் போகும் பஸ்ஸில் ஏறினால், ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவில் கித்துல்கல வரும். ஒருபுறம் இறப்பரும் தேயிலையும் விளையும் தோட்டங்கள். மறுபுறம் பாறைகளில் மோதி இரைந்தோடும் களனி கங்கை. கித்துல் என்பது கூந்தற்பனை. 'கல' என்றால் சிங்களத்தில் பாறை. மரமும் பாறையும் சேர்ந்தே ஊருக்குப் பெயராகிவிட்டன.

விடுமுறைக்கு இங்கே வருகிறவர்கள் படகுச் சவாரியை வேடிக்கை பார்த்துவிட்டு, கித்துல் பாணி வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். சகோதரிகளே, ஆறேழு வயதுப் பிள்ளைகளோடு நீங்கள் வந்தால் இன்னொன்றையும் கொண்டுபோகலாம். அந்தக் காலத்து மனிதன் எப்படி வழி கண்டுபிடித்தான் என்ற பாடம்தான் அது. கைபேசி வழி சொல்லும் இக்காலத்தில், கிழக்கு எது என்று கேட்டால் எத்தனை பிள்ளைகள் கை நீட்டிக் காட்டும்?

முதற்பாடம் ஆறு. இவ்வூரை அடுத்த காட்டில் பெலிலென என்ற குகை இருக்கிறது. 30,000 ஆண்டுகளுக்கும் முன்பே அங்கே மனிதர் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்த சின்னஞ்சிறு கல் ஆயுதங்கள் கிடைத்துள்ளன. கடற்கரையிலிருந்து உப்பு அங்கே வந்து சேர்ந்ததற்கும் ஆய்வாளர்கள் தடயம் கண்டிருக்கிறார்கள். கருவி எதுவும் இல்லாத காலத்தில் கடலுக்கும் இந்தக் காட்டுக்கும் எப்படிப் போய்வந்திருப்பார்கள்? பிள்ளையையே யோசிக்கச் சொல்லுங்கள். பிறகு ஆற்றைக் காட்டுங்கள். 145 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தக் கங்கை கொழும்பருகே கடலில் கலக்கிறது. காட்டுக்குள் இதைவிட நல்ல வழிகாட்டி ஏது?

இரண்டாவது பாடம் மலை. பாவா ஆதம் மலைப் பக்கம் பிறக்கும் மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயாவுடன் கூடித்தான் களனி கங்கையாகி இங்கே வருகிறது. 2,243 மீட்டர் உயரமுள்ள அந்த மலை கடலோடிகளுக்கு ஓர் அடையாளம். 1344இல் மாலைத்தீவிலிருந்து கப்பலில் வந்த இப்னு பதூதா, ஒன்பது நாள் பயணத் தொலைவிலேயே அது தெரிந்ததாக எழுதியிருக்கிறார். பூமியின் வளைவைக் கணக்கிட்டால் சுமார் 170 கிலோமீட்டருக்கு அப்பால் கடல்மட்டத்திலிருந்து அது தெரியாது. ஆனாலும், கரை தேடித் தவித்தவருக்கு அந்த மலை எவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கும் என்பது இதிலிருந்து புரிகிறதல்லவா?

மலையும் மறைந்த நடுக்கடலில்? அங்கே துணை நட்சத்திரம். அரபு மாலுமிகள் 'கமால்' என்ற சிறு பலகையை வைத்திருந்தார்கள். இலட்சத்தீவில் அதற்கு ராப்பலகை என்று பெயர். நீங்களே செய்யலாம். தடித்த அட்டை ஒன்றின் நடுவில் துளையிட்டு நூலைக் கோத்து, நூலில் முடிச்சுகள் போடுங்கள். ஒரு முடிச்சைப் பல்லால் கடித்து, நூல் விறைக்க அட்டையை முன்னே நீட்ட வேண்டும். அட்டையின் கீழ்விளிம்பு தொடுவானத்திலும் மேல்விளிம்பு வடதுருவ நட்சத்திரத்திலும் பொருந்தினால், அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்தின் நேர்வரிசைக்கு வந்துவிட்டோம் என்று பொருள். 15ஆம் நூற்றாண்டின் பெரும் மாலுமி இப்னு மாஜித் தம் நூல்களில் நட்சத்திர உயரத்தை 'விரல்' கணக்கில்தான் சொல்கிறார்.

அட்டை இல்லாவிட்டால் கை போதும். கையை நீட்டி முட்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. கை குட்டையானால் முட்டியும் சிறிதாயிருக்கும். ஆகவே பிள்ளைக்கும் இதே கணக்குதான். வடதுருவ நட்சத்திரம் நாகூரில் தொடுவானத்துக்கு மேல் ஒரு முட்டிக்குச் சற்று அதிகமான உயரத்தில் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரு முட்டிக்குக் குறைவு. கித்துல்கலையில் சுமார் 7 பாகைதான். அதையும் மலையும் மரமும் மறைத்துவிடும். "அப்போ இங்கே அட்டை உதவாதா உம்மா?" என்று பிள்ளை கேட்டால் மகிழுங்கள். கடலுக்கு நட்சத்திரம், காட்டுக்கு ஆறு. நிற்கும் இடத்தைப் பார்த்துத்தான் கருவியைத் தேட வேண்டும்.

பகலுக்கு ஒரு கருவி உண்டு. ஆற்றைவிட்டுத் தள்ளி, வெயில் விழும் வெட்டவெளியில் ஒரு குச்சியை நேராக நட்டு, அதைச் சுற்றி நூலால் ஒரு வட்டம் போடுங்கள். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே வரும் இடத்தில் ஒரு கல். பிற்பகலில் வெளியேறும் இடத்தில் இன்னொரு கல். இரண்டையும் இணைத்தால் அதுவே கிழக்கு மேற்குக் கோடு. காலைக் கல் இருப்பது மேற்கு. அரபு வானியலார் இதை 'இந்திய வட்டம்' என்றே அழைத்தார்கள். அந்த மேற்கிலிருந்து வடக்குப் பக்கமாக இரண்டரை முட்டி திரும்பினால், இங்கிருந்து கிப்லா. தொழுகை விரிப்பை அந்தத் திசையில் போடும் பொறுப்பைப் பிள்ளையிடமே விடுங்கள். அதன் முகத்தில் வரும் பெருமிதத்தைப் பாருங்கள்!

ஓர் எச்சரிக்கை. மலையில் மழை பெய்தாலும், மேலேயுள்ள மின்நிலையங்களிலிருந்து நீர் விட்டாலும் ஆறு சட்டென உயரும். பிள்ளைகளை ஆற்றில் இறங்க விடாதீர்கள். ஆற்றை மதிப்பதும் வழியறியும் கல்வியில் சேர்ந்ததே.

'பெண் பிள்ளைக்குத் திசை எதற்கு, கூட்டிப்போக ஆள் இருக்கிறதே' என்போர் இன்னும் இருக்கிறார்கள். படிப்புக்கும் வேலைக்கும் நாளை தனியே பஸ் ஏறப்போவது நம் மகளும்தான். முட்டியும் நிழலும் அவள் கூடவே வரும். அவற்றைப் பார்க்கும் கண்ணை இன்றே பழக்கிவிடுங்கள்.