காக்கிக்கு உள்ளே

எங்கள் ஊரில் 5 டிகிரி குளிர் ஃப்ரிட்ஜுக்குள் மட்டும்தான் இருக்கும். தூத்துக்குடியில் மார்கழியிலும் ஃபேன் ஓடும். அதனால், காலேஜ் இரண்டாம் வருஷம் என்சிசியில் டெல்லி குடியரசு தின முகாமுக்கு நான் தேர்வானபோது, கொண்டுவர வேண்டியவை பட்டியலில் ‘தெர்மல் 2 செட்’ என்று இருந்தது வீட்டில் யாருக்கும் புரியவில்லை. “அது பிளாஸ்க்குதானட்டி?” என்றாள் அம்மா. கடைக்காரர் “ஊட்டி டூரா பாப்பா?” என்று கேட்டு ஒரு குல்லாவை எடுத்துப் போட்டார். கடைசியில் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மாமாதான் இரண்டு செட் அனுப்பினார். முழுக்கை பனியன், கணுக்கால் வரை ஒரு பேன்ட், உள்பக்கம் பூனை வயிறு மாதிரி மெத்மெத்தென்று. போட்டுப் பார்த்த இரண்டு நிமிஷத்தில் வேர்த்து ஊற்றியது.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரண்டாம் நாள் ராத்திரி போபாலைத் தாண்டியதும் ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. அப்போதுதான் மாமாவை நினைத்துக்கொண்டேன்.

அணிவகுப்பில் படுகிற குளிர் வேறு ஜாதி. சாதாரணக் குளிருக்குக் கையைத் தேய்க்கலாம், தோளைக் குறுக்கலாம், ஓரமாகப் போய் டீ குடிக்கலாம். டெல்லி கன்டோன்மென்ட் கரியப்பா மைதானத்தில், முன்வரிசைத் தொப்பிகூடத் தெரியாத பனியில், ‘சாவ்தான்’ என்று குரல் வந்துவிட்டால் இதெல்லாம் கிடையாது. மஃப்ளர் கிடையாது, குல்லா கிடையாது. தெர்மலின் கழுத்து சட்டைக் காலரைத் தாண்டித் தெரியக்கூடாது என்று அதை மடக்கி ஊக்கு குத்திவிடுவோம். அதற்கப்புறம் காலை நாலு மணிக்கு உள்ளே என்ன போட்டாயோ அதுதான் உனக்கு.

இதில் ஊர்ப்பக்க அறிவு எதுவும் உதவாது. இரண்டு சாக்ஸ் போட்டால் இரட்டைச் சூடு என்று நினைத்தவர்களுக்குத்தான் முதலில் கால் மரத்தது. பூட்டுக்குள் இடம் இல்லாமல் இறுக்கினால் ரத்தம் ஓடாது, சூட்டைப் பிடித்து வைக்கக் காற்றும் இருக்காது. தளர்வாக ஒரு கம்பளி சாக்ஸ் போதும். அடுத்தது பருத்தி பனியன். கால் மணி நேரம் ‘தேஸ் சல்’ அடித்து வேர்த்த பிறகு அசையாமல் நிற்கச் சொல்வார்கள். நனைந்த பருத்தி முதுகோடு ஒட்டிக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சும். கம்பளி நனைந்தாலும் அவ்வளவு துரோகம் செய்யாது. பூட்டுக்குள் கால்விரலை மடக்கி நீட்டலாம், அது மட்டும்தான் யாருக்கும் தெரியாத அசைவு. முட்டியை ரொம்ப விறைத்து நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி, குளிரிலும் மயங்கி விழுவார்கள். விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சீருடை போட்டால் எல்லாரும் சமம் என்பார்கள். காலருக்கு வெளியே அது உண்மைதான். நாலு மணிக்கு ஒற்றை ட்யூப்லைட்டுக்குக் கீழே உடை மாற்றும்போது ஒவ்வொருத்தி வீடும் அப்படியே தெரிந்துவிடும். லடாக்கிலிருந்து வந்தவளிடம் பாட்டி பின்னிய கம்பளி இருந்தது. சண்டிகர்க்காரியிடம் மூன்று நிறத்தில் தெர்மல். எனக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தவள் எங்கள் மாவட்டத்துக்காரி (பேர் வேண்டாம், அவள் இதைப் படிப்பாள்). தம்பியின் ஸ்கூல் டிராக் பேன்ட், இரண்டு பழைய பனியன், நெஞ்சுக்குக் குறுக்கே நாலாக மடித்த இந்திப் பேப்பர். ராத்திரி பைக்கில் போகிறவர்கள் சட்டைக்குள் வைப்பார்களே, அதே மாதிரி.

பேப்பர் குளிரை நிஜமாகவே தடுக்கும். ஆனால் சத்தம் போடும். சல்யூட்டுக்குக் கை உயரும்போது ஒரு மொறுமொறுப்பு. ஒருநாள் உஸ்தாத் எங்கள் வரிசை முன்னால் நின்று, “க்யா கா ரஹே ஹோ?” என்றார். யாரோ எதையோ தின்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். சிரிப்பை அடக்கினதில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் சிரிக்கவில்லை. மறுநாள் பேப்பர் இல்லாமல் வந்தாள். விரல் நுனி நடுங்கியது. அணிவகுப்பில் ஒரு கை நடுங்கினால் வரிசையே அலையும். ராஜபாதையில் நடக்கப்போவது யார், ரிசர்வில் உட்காரப்போவது யார் என்று பிரிக்க இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

என் இரண்டாவது செட்டை நீட்டினேன். “எனக்கு எதுக்கு? எங்கம்மா ரெண்டு மணிக்கே உப்பளத்துல நிக்கும், இதெல்லாம் ஒரு குளிரா?” என்றாள். உப்பளத்தில் ராத்திரி இரண்டு மணிக்குக்கூட 20 டிகிரிக்குக் குறையாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று ராத்திரி அவளே வந்தாள். “சும்மா வாங்க மாட்டேன். வாடகைக்குக் குடு. தெனமும் ஒனக்குக் கொண்டை போட்டு, பூட்டு பாலிஷ் பண்ணித் தாரேன்.” என் கொண்டை எப்போதும் வலையை மீறித் துருத்தும், அவள் கைக்கு அடங்கும். ஒப்பந்தம் ஆனது.

ஐந்தாம் நாள் உயரம் பார்த்து வரிசையைச் சரி செய்தார்கள். இரண்டு சென்டிமீட்டரில் நான் ரிசர்வுக்குப் போனேன். அவள் உள்ளே. எனக்குச் சந்தோஷமா என்று கேட்டால், உடனே பதில் வராது. என் தெர்மல் ராஜபாதையில் நடக்கும், நான் நடக்க மாட்டேன் என்கிற கணக்கு இரண்டு ராத்திரி மண்டைக்குள் ஓடியது. அவளும் அதைக் கவனித்திருக்க வேண்டும். மறுநாள் கொண்டை வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது, பேச்சு குறைவாக இருந்தது. எனக்கு இனி அணிவகுப்பே இல்லை, ஆனாலும் பூட்டுக்குப் பாலிஷ் போட்டாள். 25ஆம் தேதி ராத்திரி இன்னொரு செட்டையும் அவள் படுக்கையில் வைத்தேன். அதற்கு என்ன வாடகை என்று இரண்டு பேருமே பேசவில்லை.

26ஆம் தேதி மூன்று மணிக்கே அவர்கள் கிளம்பினார்கள். நான் பின்னால் போய் ரிசர்வ் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன், மஃப்ளரைக் காது வரை சுற்றிக்கொண்டு. வரிசைக்கு 12 பேராக அவர்கள் திரும்பி வந்தபோது அவளைத் தேடினேன். மூன்றாவது வரிசை, உள்பக்கத்திலிருந்து நாலாவது என்று மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் எல்லா முகமும் ஒரே பக்கம் திரும்பி, எல்லாத் தாடையும் ஒரே உயரத்தில். கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு கைகூட நடுங்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

அன்று சாயங்காலமே இரண்டு செட்டையும் துவைத்துக் கொடியில் போட்டாள். டெல்லிப் பனியில் எது காயும்? ஊருக்குக் கிளம்புகிற நாளிலும் கையிடுக்கில் ஈரம் இருந்தது. அப்படியே மடித்து என் டிரங்குப் பெட்டியில் மேலாக வைத்தாள். “ரயில்ல காய வச்சுக்க” என்றாள்.