வலி குறைந்தது மாத்திரையாலா?

கீழ்முதுகு எலும்பு தேய்ந்திருக்கிறது என்று எக்ஸ்ரேயைப் பார்த்து மருத்துவர் சொன்னதும், பலருடைய கை குளுக்கோசமைன் மாத்திரையைத்தான் தேடுகிறது. பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படும் இந்தச் சத்து, குருத்தெலும்பு உருவாகவும் தேவைப்படுகிறது. தேய்ந்ததற்கு அதன் மூலப்பொருளையே கொடுக்கலாம் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நார்வேயின் ஆஸ்லோவில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வில், கீழ்முதுகுத் தேய்மானமும் நாள்பட்ட வலியும் உள்ள 250 பேரில் பாதிப்பேருக்குத் தினமும் 1500 மில்லிகிராம் குளுக்கோசமைன். மீதிப்பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. வலியால் நடக்க, குனிய, படுக்கையில் புரள எவ்வளவு சிரமம் என்று 24 புள்ளிகளுக்குக் கணக்கிட்டார்கள். தொடக்கத்தில் 9க்கு மேல் இருந்த சராசரி, ஆறு மாதத்தில் இரண்டு தரப்பிலும் 5க்கு இறங்கியது. ஓராண்டு முடிந்தபோதும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

“சாப்பிட்டேன், குறைந்ததே!” என்பவர்களுக்கும் இந்த ஆய்விலேயே பதில் இருக்கிறது. குறைந்தது உண்மை, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அதே அளவு குறைந்தது. முதுகுவலி ஏறி இறங்கும் குணமுள்ளது. அது உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மாத்திரை வாங்குகிறோம். தானாகத் தணியும்போது பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. குணமாகும் என்ற நம்பிக்கையும் வலியைக் கொஞ்சம் குறைக்கும். அனுபவத்தை நான் மறுக்கவில்லை, காரணத்தைத்தான் மறுக்கிறேன்.

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்பார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு குளுக்கோசமைன் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டக்கூடும். வலிக்கென்று வாங்கும் மஞ்சள் மாத்திரையும் அப்படித்தான்: மஞ்சளைக் குழம்பில் போடுவது வேறு, அதிலுள்ள குர்குமினைச் செறிவாக்கி, உடல் அதிகம் உறிஞ்ச மிளகுச் சத்தும் சேர்த்து விற்கும் மாத்திரை வேறு. அத்தகைய மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு தெரிந்தால் அதை ஈடுகட்டுவது சரி. அது குறையை நிரப்புவது, தேய்மானத்துக்கு மருந்தல்ல. மாதாமாதம் மாத்திரைக்குப் போகும் பணத்தில் ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட்டிடம் முறையாகப் பயிற்சி கற்றுக்கொள்ளலாம். நாள்பட்ட முதுகுவலிக்கு உடற்பயிற்சி உதவுகிறது என்பதற்கு இந்த மாத்திரைகளைவிட வலுவான சான்று உண்டு. எனக்குப் பெரிய கவலை இளைஞர்களைப் பற்றித்தான். காலையில் அரைமணிக்கு மேல் முதுகு விறைத்து, ஓய்வில் கூடி, நடமாடினால் குறையும் வலி தேய்மானமாக இல்லாமல் அழற்சி வாதமாக இருக்கலாம். அதைச் சத்து மாத்திரையால் தள்ளிப்போடாதீர்கள். மூட்டுவாத மருத்துவரைச் சீக்கிரம் பாருங்கள்.